பக் நாய்க்கு எழுதிய அர்த்தம்

நாய் வளர்ப்போர் சங்கத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிற ஒருவர், நாயைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அகராதி அப்படித்தான் மாறிப் போவார். பெரிய நாய், சின்ன நாய் என்ற பாகுபாடு அவரிடம் கிடையாது. அந்த விஷயத்தில் அவர் முழுச் சமத்துவவாதி. ஆனால் அந்த நாய் என்ன இனம், அதற்கு ஜெர்மன்காரர்கள் என்ன பெயர் வைத்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் ஏன் அதை ஏற்கவில்லை என்பதையெல்லாம் எதிர்ப்பக்கத்தில் பத்திரமாக நின்றுகொண்டு சொல்லிவிடுவார்.

அகராதி என்பது சங்கத்தில் வைத்த பெயர். அதற்கு முன்னால் அவர் ஒரு மொழிப்பள்ளியில் ஜெர்மனும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுத்தார். மாணவர்கள் குறைந்து குறைந்து, கடைசியில் ஆசிரியர்களும் நாற்காலிகளும் மட்டும் மிஞ்சியபோது பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். அப்போதுதான் சங்கத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். தலைவர் நாய் பிஸ்கட் ஆலை வைத்திருப்பவர். உரத்த குரல், தாராள மனசு. இரண்டும் ஒரே நேரத்தில் வெளிப்படும்.

"உங்களுக்கு நாய் பிடிக்குமா?" என்று கேட்டார்.

"நாய்களைப் பத்திப் படிக்கப் பிடிக்கும்" என்றார் அகராதி. அது பொய்யல்ல. பொய் பிற்பாடுதான் வந்தது.

சங்கம் ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. மேசையைத் துடைத்தால் துணியில் கறுப்பாக வரும். அந்த ரப்பர் வாசனைக்குள் உட்கார்ந்துதான் அகராதி அட்டை எழுதினார். ஆண்டுக் கண்காட்சியில் ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும் ஓர் அட்டை தொங்கும். அதில் ஐந்து வரி: இனம், நாடு, பெயரின் மூலம், பிற மொழிகளில் பெயர், பொருள். ஐந்தும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது தலைவர் போட்ட சட்டம். "ஒரு வரி காலியா விட்டா பல்லு போன வாய் மாதிரி இருக்கும். பார்க்கறவன் நாயைப் பார்ப்பானா, பொக்கையைப் பார்ப்பானா?" என்பார். ஒரு தடவை அகராதி, ஏதோ ஒரு வேட்டை நாய்க்கு, 'மூலம் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். தலைவர் அதைக் கூட்டத்தில் சத்தம் போட்டுப் படித்தார். "தெரியலைங்கறது எனக்கே தெரியுமே சார். அதுக்கு எதுக்கு ரெண்டு மொழி படிச்ச ஆள்?" எல்லோரும் சிரித்தார்கள். அகராதியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீடு போகிற வரைக்கும் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மற்றபடி அந்த வேலையில் அவருக்குச் சொக்கத் தங்கமான நாட்கள் இருந்தன. டாக்ஸ்ஹண்ட் என்றால் ஜெர்மனில், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்கிற பிராணியைத் துரத்தும் நாய் என்று பொருள். உலகமே அந்த ஜெர்மன் பெயரைச் சொல்லித் திணறிக்கொண்டிருக்க, ஜெர்மன்காரர்கள் செல்லமாக டாக்கல் என்று சுருக்கிக் கூப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பூடில் என்ற பெயருக்குள் தண்ணீரில் சளப் சளப்பென்று அளைகிற ஜெர்மன் வினைச்சொல் இருக்கிறது. பிரெஞ்சில் அதற்கு கனீஷ் என்று பெயர், அது வாத்திலிருந்து வந்தது. இன்றைக்கு அந்த நாய் குளிப்பாட்டக் கூப்பிட்டால் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறது. கிரேட் டேன் கதை இன்னும் விசேஷம். ஆங்கிலக்காரர்கள் அதை டென்மார்க்கு நாய் என்பார்கள். ஜெர்மன்காரர்கள் எங்கள் நாய் என்று பெயரிலேயே பட்டா போட்டுக்கொண்டார்கள். இத்தாலிக்காரர்கள் இரண்டு பேரையும் மதிக்காமல், எந்தக் காலத்திலோ குதிரையில் வந்துபோன ஒரு கூட்டத்தாரின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று வீட்டு விலாசம். நாய்தான் எந்தப் பெயரைச் சொன்னாலும் வாலை ஆட்டுகிறது.

அவர் எழுதிக்கொடுத்ததைத் தட்டச்சு செய்தவர் ஓர் அம்மா. சங்கத்தில் எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட் அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும்; கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்; விசைகளைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அடிப்பார். அவர் அடித்ததில் ஒரு பிழை கண்டுபிடித்தவர் அந்த மாடியில் இல்லை. அதைப் பற்றி அவர் பெருமையடித்துக் கொண்டதும் இல்லை. ஆனால் யாராவது பிழை அழிக்கிற வெள்ளை மை பாட்டிலைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தால் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார். கைப்பிரதியில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றமாட்டார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். எழுதியவர் பார்த்துக்கொள்ள வேண்டியது. அவ்வளவுதான் அவருடைய விமரிசனம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம், நூற்று நாற்பத்து இரண்டு அட்டைகள் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. பக் நாயின் அட்டை.

சுருங்கிய முகமும் பிதுங்கிய கண்ணுமாக, நடக்கும்போதே குறட்டை விடுகிற அந்தச் சின்ன நாய்க்கு மொழிக்கு ஒரு பெயர். ஜெர்மனில் மோப்ஸ், டச்சுக்காரர்கள் வாயில் பிறந்த பெயர், முணுமுணுப்பவன் என்கிற மாதிரி அர்த்தம். பிரெஞ்சில் கார்லின், கறுப்பு முகமூடி போட்டு நடித்த ஒரு மேடைக் கோமாளியின் பட்டப்பெயரை நாய்க்கு வைத்துவிட்டார்கள். இதெல்லாம் நான்காவது வரியில் அழகாக உட்கார்ந்தது. ஆனால் பக் என்ற ஆங்கிலப் பெயர் எங்கிருந்து வந்தது? குட்டிச்சாத்தானையும் குரங்கையும் செல்லப்பிள்ளையையும் ஒரு காலத்தில் அப்படி அழைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தி? அலமாரியிலிருந்த நாலு அகராதியும் ஒரே குரலில் கையை விரித்தன: நிச்சயமில்லை.

நிச்சயமில்லை என்று எழுதுவதற்கு ஒரே வார்த்தை போதும். பேனாவும் கையில் இருந்தது. ஆனால் தலைவர் அதைக் கூட்டத்தில் படித்துக்காட்டும் குரல் காதில் கேட்டது. பட்டப்பெயருக்கும் ஒரு கௌரவம் உண்டல்லவா? அகராதி என்று பெயர் வாங்கியவன் எத்தனை முறைதான் கையை விரிப்பது? அவர் எழுதினார்: 'பழங்காலக் கடலோடிகளின் பேச்சில், விட்டுப் போகாதவன் என்று பொருள்.'

கடலோடிகளை அவர் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார். அவர்களுக்கு நாடு கிடையாது, இலக்கணம் கிடையாது, எல்லோரும் செத்தும் போய்விட்டார்கள். சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

டைப்பிஸ்ட் அம்மா மட்டும் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கே வந்தார். ஓரத்தில் புள்ளி.

"சார், இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"இருக்கும்மா. நீங்க அடிங்க."

அடித்தார்.

அந்தக் கண்காட்சியில் கிரேட் டேனை விட்டுவிட்டு ஜனங்கள் பக் கூண்டைச் சுற்றி நின்றார்கள். அட்டையைப் படித்துவிட்டு நாயைப் பார்த்தார்கள். நாய் அவர்களைப் பார்த்தது. இரண்டு தரப்பும் உருகிப்போயின. மறு வருஷம் பக் வளர்ப்போர் தனிப்பிரிவு தொடங்கினார்கள். அதன் முத்திரையில் 'விட்டுப் போகாதவன்' என்று இருந்தது. காலர் செய்கிறவர் தோலில் பொறித்தார். கால்நடை மருத்துவர் சுவரில் மாட்டினார். அகராதி எழுதிய அத்தனை உண்மையையும் மழைத்துளி மாதிரி உதறிவிட்டு, இந்த ஒரு பொய்யை மட்டும் ஊர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. யாராவது கையைப் பிடித்து, "அந்த வரிக்காகவே உங்களைப் பார்க்கணும்னு நினைச்சேன் சார்" என்று சொல்லும்போதெல்லாம் அவருக்கு உள்ளங்கை வேர்த்தது. அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பதினோரு வருஷம் இப்படிப் போனது. சங்கத்தின் வெள்ளி விழாவுக்காக எல்லா அட்டைகளையும் தொகுத்து ஒரு புத்தகமாகப் போடலாம் என்று தலைவர் முடிவுசெய்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது.

எழுதியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மிகவும் மரியாதையான கடிதம். தன்னிடம் பக் ஒன்று இருப்பதாகவும், கடை உறைகளில் அந்த அழகான பொருளை அச்சிட ஆசைப்படுவதாகவும், பொறுப்புடன் செய்யவேண்டுமே என்று நூலகத்தில் ஆறு அகராதிகளைப் பார்த்ததாகவும், தன் கண்ணில்தான் கோளாறு போலும், எதிலும் அகப்படவில்லை என்றும் எழுதியிருந்தார். எந்த நூல், எந்தப் பக்கம் என்று தெரிவித்தால் என்றென்றும் நன்றியுள்ளவராக இருப்பாராம். கேள்வியில் துளிகூட விஷம் இல்லை. அகராதிக்கு அதுதான் பயமாக இருந்தது.

தலைவர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். தலைவர், பொருளாளர், அகராதி. பழைய அட்டைக் கோப்புகளை எடுத்துவந்து, மேசையில் வைத்துவிட்டு, போகலாமா என்று நின்ற டைப்பிஸ்ட் அம்மா.

"புத்தகம் அச்சுக்குப் போகப்போகுது. இது எங்கேருந்து எடுத்தது, அகராதி சார்? எழுதிக் குடுத்துடுங்க, அனுப்பிடலாம்" என்றார் தலைவர்.

அகராதி வாயைத் திறந்தார். சொல்லத்தான் திறந்தார். பதினோரு வருஷமாக இந்தத் தருணத்துக்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அது நீளமான வாக்கியம். அதற்குள் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இல்லாட்டி அடிக்கும்போது மாறிப்போச்சா? நூத்திச் சொச்சம் அட்டை. வேற ஏதோ நாய்க்கு உள்ள வரியைத் தூக்கி இதுல அடிச்சிருப்பாங்க. அப்படி இருக்குமா?"

தப்பிக்க ஒரு கதவு திறந்து கிடக்கிறது. நுழைந்தால் போதும். நுழைவதுகூட வேண்டாம், தலையைச் சாய்த்தாலே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"இருக்கலாம்" என்றார் அகராதி.

அவ்வளவுதான். இரண்டு மொழி படித்த மனிதர் தன் வாழ்நாளில் சொன்னதிலேயே சின்ன வாக்கியம். அதில் ஒரு பொய்யைக்கூட யாரும் சுட்டிக்காட்ட முடியாது. உலகத்தில் எதுதான் இருக்கக்கூடாது?

"ஏம்மா, பார்த்து அடிக்கறதில்லையா?" என்றார் தலைவர். கோபமாகக்கூட இல்லை. கதவைச் சாத்தாமல் போன பிள்ளையைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

டைப்பிஸ்ட் அம்மா அகராதியைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு தலைவரைப் பார்த்து, "சரி சார்" என்றார்.

சரி என்று சொன்னவர்கள் தலையில்தான் மீதியும் விழும். புத்தகத்தைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு வெளியே ஓர் அச்சகத்துக்குப் போனது. அவர் பெயர் முதல் பக்கத்தில் வருவதாக இருந்தது, அது எடுக்கப்பட்டது. "கொஞ்ச நாள் உறுப்பினர் கவுன்ட்டர்ல உட்காரும்மா, அங்க டென்ஷன் இல்ல" என்றார் தலைவர், நல்லெண்ணத்தோடு. மருந்துக்கடைக்காரருக்குப் பதில் போகவேண்டும். பிழை செய்தவர் கையெழுத்துப் போட்டால்தான் மரியாதை. "ரெண்டு வரி வருத்தம் தெரிவிச்சு அவங்க பேருல நீங்களே எழுதிக் குடுத்துடுங்க அகராதி சார். உங்களுக்குத்தான் நடை நல்லா வரும். அப்படியே அந்த வரி நிஜமா எந்த நாய்க்கு உரியதுன்னும் போட்டுடுங்க. பாவம், உறையில அச்சடிக்கணும்னு ஆசைப்படறார்."

இப்படியாக, தான் செய்த குற்றத்துக்கு இன்னொருவர் கேட்க வேண்டிய மன்னிப்பை எழுதும் வேலை அகராதிக்கு வந்தது. அவர் எழுதிய உரைநடையிலேயே அதுதான் சிறந்தது என்று சொல்லவேண்டும். பணிவு இருந்தது, நெளிவு இல்லை. வருத்தம் இருந்தது, புலம்பல் இல்லை. படித்தால் டைப்பிஸ்ட் அம்மாவின் மேல் யாருக்கும் மதிப்பு வரும். அகராதிக்கே வந்தது. தன் பொய்யை மற்றவர் வாயில் வைக்கும்போது இவ்வளவு நேர்மையாக எழுத வருகிறதே என்று அவருக்கு உடம்பு கூசியது.

ஒரே ஓர் இடம்தான் இடித்தது. 'மேற்படி வரி உண்மையில் ... இனத்துக்குரியது.' அந்த மூன்று புள்ளியில் ஒரு நாயை உட்காரவைக்க வேண்டும்.

மத்தியானம் முழுக்க அகராதி நூற்று நாற்பத்து இரண்டு அட்டைகளையும் விரித்துவைத்து நாய் தேடினார். தெரிந்த மொழி எதிலும் வைக்க முடியாது. மருந்துக்கடைக்காரர் நூலகத்துக்குப் போகிற ஆசாமி. தூர தேசத்து நாயாக வேண்டும். ஆப்பிரிக்காவின் நடுக்காட்டிலிருந்து வந்த, குரைக்கவே குரைக்காத பசெஞ்சியின் அட்டை கையில் வந்தது. வாயில்லா ஜீவன், மறுக்கவும் மறுக்காது. ஆனால் அந்த அட்டையில் ஐந்தாவது வரி காலியாக இல்லை. காட்டுப்புறத்துக் கிராமத்தாரின் நாய் என்று அந்த ஊர் மொழியிலேயே அதற்கு அர்த்தம் இருந்தது. அகராதி ஒரு மாதம் கடிதம் எழுதி எழுதி விசாரித்துச் சேர்த்த அர்த்தம். இப்போது அதைக் காலிசெய்துவிட்டு, அந்த வீட்டில் தன் பொய்யைக் குடிவைக்கவேண்டும். அடுத்த அட்டையைப் பார்த்தார். அதிலும் ஆள் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. தான் இத்தனை உண்மையை எழுதியிருப்பது அன்றைக்குத்தான் அவருக்கு இடைஞ்சலாகப்பட்டது.

இடத்தைக் காலியாகவே விட்டு, கடிதத்தைக் கவுன்ட்டரில், டைப்பிஸ்ட் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து வைத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தார். வழியில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. எதிர்ப்பக்கம் மாறக்கூடத் தோன்றாமல் அதைத் தாண்டிப் போயிருக்கிறார். நாலு கடை தாண்டின பிறகுதான் தெரிந்தது.

மனைவி ஒரு பல் வைத்தியசாலையில் வரவேற்பு மேசையில் இருக்கிறவர். அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அகராதி ஆரம்பித்தார்.

"ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு தப்புப் பண்ணிட்டார்."

"ம்."

"அது இன்னொருத்தர் தலையில விழுந்துடுச்சு. இவரா போடல. வேற ஒருத்தர் போட்டார். இவர் சும்மா இருந்தார்."

"வாயே திறக்கலையா?"

"ஒரு வார்த்தை சொன்னார்."

"என்ன வார்த்தை?"

"இருக்கலாம்னு."

மனைவி கைப்பையை மேசைமேல் வைத்தார். "நாள் பூரா என் காதுல என்ன விழுதுன்னு தெரியுமா? 'தினம் ரெண்டு வேளை பல் தேய்க்கறீங்களா'ன்னு டாக்டர் கேப்பார். சொத்தையை அவர் கண்ணெதிரவே திறந்து வெச்சுக்கிட்டு ஆமான்னு தலையை ஆட்டுவாங்க. அந்த ஒருத்தர் நீங்கதானே?"

அகராதி அவர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

"தலையில விழுந்தது யாரு?"

"டைப்பிஸ்ட் அம்மா."

மனைவி உட்கார்ந்தே விட்டார். "என்னங்க, நம்ம பொண்ணு வேலைக்கு விண்ணப்பம் போட்டப்ப அத்தனையும் உக்காந்து அடிச்சுக் குடுத்தவங்கங்க. பதிலுக்கு ஒரு டீகூட வாங்கிக் குடிக்கல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நாய்க்கு அர்த்தம் கண்டுபிடிக்கணும்னாதான் நீங்க யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டார். அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக வேலைசெய்தன.

மறுநாள் காலை அகராதி படியேறி வந்தபோது, படி முடிகிற இடத்துக் கவுன்ட்டரில் டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். உறுப்பினர் அட்டைகளை ரப்பர் பாண்டில் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய மேசையிலிருந்த கண்ணாடி துடைக்கும் துணி, கைக்குட்டை, சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி எல்லாம் ஒரு பையில் காலடியில் இருந்தன. எடுத்து அடுக்கவில்லை.

"சார், லெட்டர் அடிச்சிட்டேன்" என்று நீட்டினார்.

ஒரு பிழை இல்லை. ஓரங்கள் நூல் பிடித்த மாதிரி நின்றன. 'எனது கவனக்குறைவினால்' என்பதுகூட அழகாக அடிக்கப்பட்டிருந்தது. கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"நாய் பேரு விட்டுப்போச்சு சார். அதைச் சொன்னீங்கன்னா அடிச்சுக் கையெழுத்துப் போட்டுடறேன். நாலு மணிக்குத் தபால் போகணும்னு தலைவர் சொன்னார்."

கிண்டல் இருக்கிறதா என்று அகராதி அவர் முகத்தைத் தேடினார். இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

"அம்மா, அந்த அட்டையோட கைப்பிரதி..."

"இருக்கு சார். எல்லாக் கைப்பிரதியும் வெச்சிருக்கேன். அதுல புள்ளி வெச்சிருந்தேன்."

"ரூம்லயே எடுத்துக் காட்டியிருக்கலாமே. கோப்பு மேசைமேலதானே இருந்தது."

"நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன் சார். நான் எடுத்துக் காட்டினா உங்களுக்கு அசிங்கமா இருக்குமேன்னு பேசாம இருந்தேன். அப்புறம் நீங்க அதைச் சொல்லிட்டீங்க." ரப்பர் பாண்டைப் போட்டு அடுத்த கட்டைச் சுற்றினார். "அதுக்கப்புறம் காட்டினா நான் சண்டை போடற மாதிரி ஆயிடும்."

அகராதிக்குக் காது மடல் சுட்டது. இந்த அம்மா திட்டியிருக்கலாம். அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். தன் அசிங்கத்தை மறைக்க அவர் எடுத்துக்கொண்ட அக்கறைக்குத்தான் எந்த மொழியிலும் பதில் கிடைக்கவில்லை.

"லெட்டரைக் குடுங்க. வேற எழுதித் தரேன்" என்றார்.

படியிலேயே நின்று, கைப்பிடிச் சுவர்மேல் தாளை வைத்து எழுதினார். மருந்துக்கடைக்காரருக்கு, தன் பெயரில். பக் என்ற பெயரின் மூலம் நிச்சயமில்லை, அட்டையில் உள்ளது தவறு, தன் கவனக்குறைவால் நேர்ந்தது, வருந்துகிறேன். கொண்டுவந்து கொடுத்தார். டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கவுன்ட்டர் மேலிருந்த பென்சிலை எடுத்து, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

புள்ளி 'கவனக்குறைவால்' என்ற வார்த்தைக்கு நேராக இருந்தது.

அகராதி அந்த வார்த்தையைக் கோடு போட்டு அடித்தார். 'தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு நானே கற்பனையாக எழுதியது' என்று மாற்றினார். எழுத எழுத, ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் நடுப்படிக்கட்டில் நின்று இதை எழுதுகிறானே என்று தோன்றியது. மாடியேறி வந்த ஒருவர் நாய் உரிமத்துக்கு எங்கே போகவேண்டும் என்று கேட்டார். கையைக் காட்டினார்.

இந்தத் தடவை புள்ளி இல்லை. "அடிச்சுத் தரேன் சார்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "ஆனா இது அவருக்கு. அவர் என்னைப் பார்த்ததே இல்ல. நான் தப்பா அடிச்சேன்னு அவர் நினைக்கல. நினைக்கறவங்க உள்ள இருக்காங்க."

வியாழக்கிழமை செயற்குழுக் கூட்டம். ஒன்பது பேர், ஒரு நீள மேசை. நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது எப்போதும் டைப்பிஸ்ட் அம்மாதான்; கவுன்ட்டருக்கு அனுப்பினாலும் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. மேசையின் கோடியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். புத்தகம் பற்றிய பேச்சு வந்தபோது அகராதி எழுந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து பேசுகிற வழக்கம் இல்லை. நாற்காலி கிறீச்சிட்டதும் எல்லோரும் திரும்பினார்கள்.

"பக் அட்டையில இருக்கறது நான் இட்டுக்கட்டினது. எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அடிச்சதுல பிழை இல்ல. நான் எழுதினதை அப்படியே அடிச்சாங்க. அடிக்கறதுக்கு முன்னாடி கேக்கவும் கேட்டாங்க."

டைப்பிஸ்ட் அம்மா அதை நோட்டில் எழுதினார்.

பக் பிரிவின் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன சார் சொல்றீங்க? முத்திரை குத்தியாச்சு, காலர்ல பொறிச்சாச்சு. என் சம்சாரம் அதைப் படிச்சுட்டு அழுதா சார்!"

"அழுகை நிஜந்தானேய்யா, அது போதாதா?" என்றார் டாபர்மேன் வளர்ப்பவர். இரண்டு பேர் சிரித்தார்கள். "இருந்துட்டுப் போகட்டும், நல்லாத்தானே இருக்கு. நாய் என்ன கேஸா போடப்போகுது?"

தப்பிக்க இன்னொரு கதவு. இம்முறை அகராதி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "வேண்டாங்க. நிச்சயமில்லைன்னே போட்டுடலாம்" என்றார்.

தலைவர் பேனாவை மேசைமேல் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தது; ஆனால் யார்மேல் என்று முடிவாகவில்லை. "பதினோரு வருஷம் போகட்டும். அன்னைக்கு என் ரூம்ல கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே சார்?"

"வெட்கமா இருந்தது."

"இப்ப?"

"இப்பவும்தான்."

தலைவர் பேனாவை மூடினார். பிறகு மேசைக் கோடியைப் பார்த்து, தன் குரலின் தாராளப் பகுதியை வரவழைத்துக்கொண்டு, "ஏம்மா, நாளையிலேருந்து உன் சீட்டுக்கு வந்துடு. புத்தகத்தையும் நீயே அடிச்சுடு. பேரு முதல் பக்கத்துல வரும்" என்றார்.

"சரி சார்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. அன்று சொன்ன அதே 'சரி சார்'தான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

அகராதி உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். அப்படி எதுவும் இறங்கவில்லை. ஒன்பது பேருக்குத் தெரிந்த பிறகு அது இன்னும் அகலமாக உட்கார்ந்துகொண்ட மாதிரிதான் இருந்தது. அடுத்த பொருளுக்குப் போகலாம் என்று பொருளாளர் தாளைப் புரட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. எல்லோரும் பார்த்தார்கள். அவர் அகராதியை மட்டும் பார்த்தார். கோபமாக இல்லை, குறிப்பில் ஓர் இடம் நிரம்பவேண்டும், அவ்வளவுதான். "தலைவர் ரூம்ல, அடிக்கும்போது மாறினதா 'இருக்கலாம்'னு நீங்க சொன்னது எந்தத் தேதி சார்? அதையும் போடணும்."

அகராதி யோசிக்கவே இல்லை.

"ஒன்பதாம் தேதி. திங்கட்கிழமை. பதினொண்ணேகால்."

அத்தனை துல்லியமாக எப்படித் தெரியும் என்று பொருளாளர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், அறையில் இருந்த நேரம் முழுவதும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றதை அகராதி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டிருப்பார்.

டைப்பிஸ்ட் அம்மா தலையைக் குனிந்து நேரத்தை எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "ஆச்சு சார்" என்றார்.